உப்புக் காற்றும் குசினி அலுமாரியும்

பழைய பொருளைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதற்குப் பணம் ஒன்றே போதும். இருப்பதைச் செப்பனிட்டுப் புதுப்பிப்பதற்கோ அறிவும் பொறுமையும் வேண்டும். கடற்கரை ஊர்களில் வாழும் குடும்பங்கள் இவ்வறிவைப் பெற்றிருப்பது மிக அவசியம். அங்கே குசினி அலுமாரியை வயதைக் காட்டிலும் விரைவாக அழிப்பது உப்புக் காற்றேயாகும்.

மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்க் காரணம் எதுவாயினும், அங்கே கடல் செய்யும் வேலையும் அரிப்புத்தான். இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநரான பிரெடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் இங்கே ஒரு மாளிகை எழுப்பினார். செங்கல்லாற் கட்டிச் சிப்பிச் சுண்ணாம்பு பூசிய அந்த ‘டொரிக்’ மாளிகை இன்று கடலோர மேட்டின் விளிம்பில் இடிந்து நிற்கிறது. ஆளுநரின் மாளிகைக்கே இக்கதியென்றால், நம் வீட்டு இரும்புப் பிணைச்சல் எம்மாத்திரம்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரிப்பு அடங்கிய முசலிப் பகுதியில் 1990இலும் 2007இலும் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்த குடும்பங்கள் பல. அவர்களுடைய வீட்டுத் தளபாடங்கள் மறுபடியும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. அத்தகைய இல்லத்தில் நல்ல மர அலுமாரியொன்றை விறகாக்குவது பெருநட்டமாகும்.

முதலிற் சோதனை

அலுமாரியின் கால்களையும் மூலைச் சட்டங்களையும் கத்தி நுனியால் அழுத்திப் பாருங்கள். நுனி இறங்காவிட்டால் மரம் உறுதியானது. முதிரை, பாலை, வேம்பு ஆகிய மரங்களாயின் செப்பனிடுவதற்குத் தயங்கவே வேண்டாம். கால்கள் மட்டும் உக்கியிருந்தால், வைரம் பாய்ந்த பனஞ்சலாகையை வெட்டிப் பொருத்தலாம். அது கறையானுக்கும் உப்பீரத்துக்கும் எளிதில் இரையாகாது. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை நீரில் ஊதியிருந்தால் மீண்டும் சீராகாது. அதற்குச் செலவிடும் பணம் வீணே.

உப்பும் கரியும் நீங்குதல்

பலர் செய்யும் தவறு, தூசி தட்டியவுடன் வர்ணம் பூசுவதாகும். மரத்திற் படிந்த உப்புக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். அதன் மேற் பூசிய வர்ணம் சில மாதங்களிற் கொப்புளித்து உரியும். ஆகவே, முதலில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இருமுறை துடையுங்கள். அடுப்புக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் போவதற்குச் சலவைச் சோடா கரைத்த வெந்நீர் நன்று. மறுபடியும் நன்னீரால் துடைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். மாரி ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை.

ஒரு முக்கிய எச்சரிக்கை

இலங்கையில் வர்ணங்களிற் கலக்கும் ஈயத்துக்குச் சட்டப்படி எல்லை விதிக்கப்பட்டது 2013இலிருந்துதான். அதற்கு முன்னர் பூசிய வர்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதன் தூள் உடலினுட் சென்றால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே, பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கக் கூடாது. தீயிட்டு உரிக்கவும் கூடாது. நீர் நனைத்த பின், ஈரத்துக்குத் தாங்கும் உப்புத்தாளால், வீட்டுக்கு வெளியே வைத்துத் தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சிறுவர்களும் கருவுற்ற பெண்களும் அருகில் நிற்கலாகாது. கழிவை ஈரத்துணியில் ஒற்றியெடுத்துக் கட்டி அகற்றுங்கள்.

பணத்தை எங்கே செலவிடுவது?

கையிருப்புச் சிறிதாயின் முதற்பங்கு பிணைச்சலுக்கே உரியது. பித்தளை அல்லது எவர்சில்வர்ப் பிணைச்சல் வாங்குங்கள். திருகாணியும் அதே உலோகமாயிருக்கட்டும். பித்தளைப் பிணைச்சலில் இரும்புத் திருகாணியைப் பூட்டினால், உப்பீரம் பட்டதும் இரும்பு விரைந்து அழிந்துவிடும்.

திருகாணித் துளை பெருத்திருந்தால், மரப்பசை தோய்த்த ஈர்க்குத் துண்டுகளைச் செருகி, உலர்ந்த பின் திருகாணியை இறுக்கலாம். ஆடும் மூட்டுக்குப் பசையிட்டு, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, இடையில் ஒரு தடியைச் செருகி முறுக்குங்கள். ஒரு நாளில் மூட்டு இறுகிவிடும். உடைந்த கதவுப் பலகைக்குப் பதில் கம்பி வலை அடித்தால் காற்றும் உலாவும், பூஞ்சணமும் குறையும். அதற்கும் வசதியில்லையெனில் பழைய கைத்தறிச் சேலையில் ஒரு திரை போதும்.

இறுதியாக வர்ணம். ஓர் அடிப்பூச்சும், அதன்மேல் மெல்லிய இரு பூச்சுகளும் வேண்டும். ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்தது. தடித்த ஒரே பூச்சு சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் விரைவில் வெடிக்கும். பலகையின் வெட்டுவாயையும் அடிப்பாகத்தையும் பூசாது விடாதீர்கள். ஈரம் நுழையும் வாயில் அவையே.

அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கால்களுக்குக் கீழே தட்டைக் கல் வைத்து நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை நன்னீர்த் துணியால் துடைத்து, பிணைச்சலுக்கு ஒரு துளி எண்ணெய் விடுவதைப் பள்ளி செல்லும் பிள்ளைகளின் பொறுப்பாக்கலாம். உப்பு உலோகத்தை ஏன் அரிக்கிறது என்று பாடப் புத்தகத்திற் படித்ததை அவர்கள் தங்கள் வீட்டுக் குசினியிலேயே கண்டறிவார்கள்.