வீட்டை அளப்பது எங்ஙனம்?

லண்டன் மாநகரில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடத்தில் 2025ஆம் வருஷம் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரையில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. ‘வீட்டை நடத்திச் செல்’ என்பது அதன் பெயரின் பொருள். கொரியா தேசத்துத் தச்சர் வழக்கிலிருந்து எடுத்த சொல் அது. அந்நாட்டுப் பழைய மரவீடுகளைப் பிரித்து, வேறோரிடத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பூட்டி நிறுத்தலாமாதலின், வீடு நடந்து போகிறது என்பார்கள். கண்காட்சியை அமைத்தவர் 1962இல் ஸோல் நகரில் பிறந்த டோ ஹோ சூ என்னும் சிற்பி. இவ்விஷயத்தில் ஒரு தினசரியின் தலையங்கப் பக்கத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வீடு என்பது யாது என்னும் வினா கலைஞருக்கு மட்டும் உரியதன்று. வீடிழந்தோருக்காக வாதாடும் ஒவ்வொருவருக்கும் உரியது என்பதே நமது மறுமொழி.

சூவின் தந்தை சூ சே ஓக், மைச்சித்திரத்தில் பெரும்புகழ் பெற்றவர். 1970ஆம் ஆண்டுகளில் ஸோல் நகரத்தார் பழைய வீடுகளை இடித்துப் புதுமோஸ்தர்க் கட்டடங்களை எழுப்பிக் கொண்டிருந்தபோது, அவர் அரண்மனைக் கட்டடம் ஒன்றை மாதிரியாகக் கொண்டு பழைய முறையிலேயே வீடு கட்டினார். அவ்வீட்டில் வளர்ந்த மகன் 1991இல் கல்வியின் பொருட்டு அமெரிக்கா சென்றார். பின்னர் நியூயார்க்கில் தெருச்சந்தடியால் உறக்கமின்றித் தவித்த காலத்தில், தாம் கடைசியாக நன்றாக உறங்கியது எங்கே என்று எண்ணிப் பார்த்தபோது, ஸோல் வீடே அவர் நினைவுக்கு வந்தது.

அவ்வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே அளவில் பட்டுத் துணியில் தைத்து, 1999இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் கூரையினின்று தொங்கவிட்டார். மடித்தால் பெட்டியில் அடங்கும் வீடு அது. ஒவ்வொரு நகரத்துக்குச் செல்லுந்தோறும் அந்நகரின் பெயரும் அதன் தலைப்பில் சேர்ந்துகொண்டது.

பின்னர் தாம் குடியிருந்த மற்ற வீடுகளையும் அவர் இவ்வாறே மெல்லிய துணியில் அமைத்தார். இவற்றைப் பார்ப்பவன் வெளியே நிற்பதில்லை. கதவைக் கடந்து உள்ளே நடக்கிறான். முன்னே செல்பவர் சுவருக்கப்பால் நிழல்போல் தெரிகிறார். கதவின் கைப்பிடி, பூட்டு, தண்ணீர்க் குழாய், மின்சார ஸ்விச்சு யாவும் நூலால் தைக்கப்பட்டிருக்கின்றன. லண்டன் கண்காட்சியில், பல ஊர் வீடுகளின் ஸ்விச்சுகளையும் கைப்பிடிகளையும் அவை இருந்த அதே உயரத்தில் ஓர் அறை முழுதும் பதித்திருந்தார். அவற்றின் எதிரே நிற்பவன், இருட்டிலும் தன் கை தானே தேடிச் செல்லும் தன் வீட்டு ஸ்விச்சை நினையாதிருத்தல் அரிது. பிறர் வீட்டில் நுழைந்தவன் தன் வீட்டைக் காண்கிறான்.

கலிபோர்னியாவில் ஸான்டியாகோ சர்வகலாசாலையிலும் அவருடைய வீடு ஒன்று உண்டு. 2012இல் அமைந்த அது, பெரிய கட்டடமொன்றின் ஏழாவது மாடி விளிம்பில் சாய்ந்து தொத்திக்கொண்டிருக்கிறது. தரையும் சுவரும் கோணலாயிருப்பதால் உள்ளே போனவர்க்குத் தலை சுற்றுகிறது. அந்நிய தேசத்தில் வந்திறங்கியவனுடைய முதல் நாட்களின் நிலையை இதனினும் தெளிவாக எத்தனை பிரசங்கம் விளக்கும்?

வீட்டின் நினைவு தேசத்தின் நினைவாகவும் ஆகும். 1980 மே மாதத்தில் குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கோரி எழுந்த ஜனங்களை ராணுவம் சுட்டு வீழ்த்தியது. பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது. 2012இல் அந்நகரில், பழைய தியேட்டர் ஒன்றின் ஊழியர் குடியிருப்புச் சுவர்களில் காகிதம் ஒட்டி, சூவும் உதவியாளரும் தம் கண்களைக் கட்டிக்கொண்டு பென்சிற்கரியால் தேய்த்தெடுத்தனர். நாடு காணாதவாறு மறைக்கப்பட்டதை விரல்கள் தடவி அறிந்தன.

இப்போது நமது நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். சர்க்கார் ஒருவனுடைய வீட்டை எடுக்கும்போது சர்வேயரும் சங்கிலியும் டேப்பும் கொண்டு வருகிறார். 1894ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம், சந்தை விலைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து கூட்டிக் கொடுக்கச் சொல்லிற்று. 1984இல் அது முப்பதாயிற்று. 2013ஆம் வருஷத்துச் சட்டத்தில் நூறாயிற்று. அதற்குச் சட்டம் இட்ட பெயர் ஆறுதல் தொகை. விலைக்கு அப்பாற்பட்ட ஒன்றை உடையவன் இழக்கிறான் என்று சட்டமே ஒப்புக்கொண்டதாயிற்று. ஆயினும் அவ்விழப்பை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. ஆதலால் சதவீதத்தைக் கூட்டுகிறது.

சிற்பி தம் விருப்பத்தால் கடல் கடந்தார், வேண்டியபோது திரும்பலாம். அணைக்கும் சாலைக்கும் யுத்தத்துக்கும் வீட்டைப் பறிகொடுத்தவனிடம் பட்டும் இல்லை, தைக்க அவகாசமும் இல்லை. எனவே இது செல்வர் விளையாட்டு என்று சிலர் கூறலாம். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. கலை யாருக்கும் கூரை போடாது. ஆயினும், இழந்தது இன்னதென்று சொல்லத் தெரியாதவனுக்கு எந்த மன்றத்திலும் முழு நியாயம் கிடைப்பதில்லை. சர்வேயர் வீட்டின் புறத்தை அளக்கிறார். இச்சிற்பி அகத்தை அளந்தார். சாவித் துவாரத்தையும் விடாமல் அளந்த அந்த அளவையே வழக்கில் வேண்டும் சாட்சியம்.

ஆகவே நமது தொண்டர்களுக்கு ஒன்று சொல்வோம். ஓர் ஊர் காலி செய்யப்படும் என்று நோட்டீஸ் வந்தவுடன் ஊர்வலமும் மகஜரும் அவசியமே. அவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு செல்லுங்கள். எந்தத் திண்ணையில் யார் உட்காருவர், எந்தக் கிணற்றில் எத்தனை குடும்பம் நீர் இறைக்கும், எந்த மரத்தடியில் பிள்ளைகள் படித்தனர் என்பவற்றை வீட்டார் வாயினின்றே கேட்டு எழுதுங்கள். எத்தனை சதுர அடி என்று சர்க்கார் கேட்கும்போது அந்தப் புத்தகத்தையும் மேஜைமேல் வையுங்கள். எண்ணிக்கைக்குள் அடங்காதது இன்னதென்று எடுத்துக் காட்டிய பிறகே, எண்ணைப் பற்றிப் பேரம் பேசுதல் தகும்.