துக்கம் ஈமானின் குறைபாடு அல்ல

பருவ வயதுப் பிள்ளை சில நாட்களாக அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தால், "ஒழுங்காகத் தொழு, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். மகன் யூஸுஃபைப் பிரிந்த கவலையில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் (12:84) சொல்கிறது. அவர்களின் ஈமானில் குறையில்லை, துக்கம் இருந்தது.

ஆகவே திட்டாமல், பிறரோடு ஒப்பிடாமல் பிள்ளை பேசுவதை முதலில் கேட்போம். தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பில் ஏற்பட்ட மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது மனநோய்க்கும் பொருந்தும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுவோம். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

துஆவையும் விட வேண்டாம். மருத்துவரையும் தள்ளிப்போட வேண்டாம்.