அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்த இசை: யார் இந்த கீதா சாராபாய்?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி இருக்கும் எக்கியார்குப்பம் போன்ற கடலோர ஊர்களிலும், திருவிழாக் கச்சேரி என்றால் இன்று மேடையில் கீபோர்டு இல்லாமல் இருக்காது. புல்லாங்குழலா, வயலினா, எல்லாம் அந்த ஒரு பெட்டியிலிருந்தே வந்துவிடும். அந்தப் பெட்டிக்குத் தாத்தா மாதிரி ஒன்று உண்டு: 'மூக்' சிந்தசைசர். அது 1969-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதில் இசையமைத்தவர்களில் ஒருவர் பெண். அந்த இசை ஆல்பமாக வெளிவந்தது 2023-ல்தான்!

யார் இவர்?

கீதா சாராபாய், 1922-ல் அகமதாபாத் மில் அதிபர் குடும்பத்தில் பிறந்தவர். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் தங்கை. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், கேப்டன் லட்சுமியின் தங்கை மிருணாளினிக்கு நாத்தனார். மிருதங்கத்துக்கு வடக்கத்தி உறவான பக்வாஜை அவர் முறையாகக் கற்றார். பெண்கள் அதைத் தொடாத காலம் அது.

1946-ல் நியூயார்க் போனார். மேற்கத்திய இசை நம் இசையை என்ன செய்யப்போகிறதோ என்ற கவலை அவருக்கு. அதற்கு முதலில் மேற்கத்திய இசையைத் தெரிந்துகொள்ள வேண்டுமே! அங்கே ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரோடு ஓர் ஒப்பந்தம்: காசு வேண்டாம், நீங்கள் உங்கள் இசையைச் சொல்லிக்கொடுங்கள், நான் எங்கள் இசையைச் சொல்லித்தருகிறேன். மனதை அமைதிப்படுத்துவதுதான் இசையின் வேலை என்று தன் குருவிடம் கேட்டதை அவர் கேஜிடம் சொல்ல, அது கேஜின் இசைப் பாதையையே மாற்றியது. மேற்கத்திய இசை வரலாற்றில் கீதாவின் பெயர் வருவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். அவரும் இசை செய்தவர் என்பது அதற்குள் அமுங்கிப்போனது.

மூக் என்ன செய்யும்?

இன்றைய கீபோர்டில் பட்டனைத் தட்டினால் வயலின் ரெடி. மூக்கில் அப்படி எதுவும் கிடையாது. அலமாரி மாதிரி நிற்கும். ஒவ்வொரு பகுதியையும் ஒயரால் இணைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஒலியை நாமேதான் உருவாக்க வேண்டும். எக்கியார்குப்பம் கரையில் கேட்கிற அலைச் சத்தம் வேண்டுமா? முதலில் வெறும் இரைச்சலை உண்டாக்க வேண்டும். அதை ஃபில்டர் வழியாக அனுப்பி, அந்த ஃபில்டரை மெதுவாகத் திறந்து மூடினால், அலை வந்து உடைந்து பின்வாங்குவது போலவே இருக்கும். சுருதியையும் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே ஏற்றி இறக்கலாம். கமகம் பழகிய காதுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

கௌதம், கிரா என்ற கீதாவின் உடன்பிறப்புகள் இருவர் முன்னின்று உருவாக்கியது அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம். அங்கேதான் கேஜின் நண்பர் டேவிட் டியூடர் வந்து மூக்கை நிறுவி, பயிற்சியும் கொடுத்தார். கீதாவோடு ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அதில் இசையமைத்தார்கள். சில ஆண்டுகள்தான். 1970-களின் தொடக்கத்திலேயே எல்லாம் நின்றுபோனது. டேப்புகள் அலமாரிக்குள் போயின.

மறுபடி எப்படிக் கிடைத்தது?

லண்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்கஸ் 2017-ல் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்த டேப்புகளைக் கண்டெடுத்தார். 2020-ல் பிபிசி வானொலியில் ஆவண நிகழ்ச்சி. 2023-ல் 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற தொகுப்பு, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளோடு. அதில் இருக்கும் ஒரே பெண் கீதாதான். அவர் இசைக்குத் தலைப்பு, 'கீதாபென்ஸ் காம்போசிஷன்'. 'பென்' என்றால் குஜராத்தியில் சகோதரி. ஸ்டுடியோவில் கூப்பிட்ட பெயரே ஆல்பத்திலும் நின்றுவிட்டது போல.

தாளம் போட்டுக் கேட்கிற இசை இல்லை இது. பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஓர் ஒலி எங்கே தொடங்கி எப்படி உருமாறுகிறது என்று கவனித்தால் பிடிபடும்.

எந்த ஒயரை எங்கே செருகினீர்கள், எதை மனதில் வைத்துச் செய்தீர்கள் என்று கீதாவிடம் கேட்கத்தான் வழியில்லை. டேப்புகள் கிடைப்பதற்கு 6 ஆண்டுகள் முன்பே, 2011-ல் அவர் காலமாகிவிட்டார்.