முழக்கம் தணிந்த மோட்டார் சைக்கிள்

பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்து நிலைத்த தமிழ்க் குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. தொழிற்சாலையில் பணியாற்றிய நம் தந்தையார், சிறுகச் சிறுகச் சேமித்து 1968-ஆம் ஆண்டில் 250 சி.சி. ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். 1961-ல் மைசூரில் தொடங்கப்பெற்று 1996-ல் மூடப்பெற்ற ஐடியல் ஜாவா ஆலையில் உருவான வண்டி அது. தந்தையார் மறைந்தபின் கொட்டகையில் முடங்கிக் கிடந்த அதனைச் சென்ற ஆண்டு மீண்டும் சாலைக்குக் கொணர விழைந்தோம். அம்முயற்சியில் நாம் பட்டதும் கற்றதும், பழைய வண்டிகளைப் பேணி வரும் சங்க அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் எனக் கருதி இங்கு எழுதலானோம்.

சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தனிவகையாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ள 2021-ல் விதி வகுக்கப்பட்டது. ஆயினும் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரவுக்குப் பயன்படுத்தலாகாது. தந்தையார் ஓட்டிய வண்டியில் அல்சூர்ச் சந்தைக்கேனும் சென்று வர வேண்டுமென்பது நம் அவா. ஆகவே புதுப்பித்தலையே நாடினோம்.

சோதனையன்று அதிகாரி வண்டியைக் கிளப்பச் சொன்னார். ஒரே உதை, வளாகம் அதிர்ந்தது. அவர் சினக்கவில்லை. குனிந்து இரு சைலன்சர்களின் வாயையும் நோக்கினார். "உள்ளே இருக்க வேண்டியவை எங்கே, ஐயா?" என்று வினவினார். நம்மிடம் மறுமொழி இல்லை.

உண்மையைக் கூறிவிடுகிறோம். 1986-ல் தந்தையார் ஓய்வு பெற்றதும் வண்டி நம் கைக்கு வந்தது. வந்த மறு வாரமே இரு சைலன்சர்களின் உட்குழாய்களையும் உருவி எறிந்தோம். நாம் வருவது தெருமுனையிலேயே கேட்க வேண்டும் என்னும் இளமைச் செருக்கு! தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன்பின் அவ்வண்டியில் அவர் ஏறவும் இல்லை.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இயல்பிலேயே ஓசை மிக்கது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிகழும் வெடிப்பு, இதில் ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்கிறது. புகை வெளியேற வால்வும் இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டரின் பக்கத் துவாரம் திறக்க, அழுத்தம் குன்றாத வெம்புகை பாய்ந்து வெளிவருகிறது. அப்பாய்ச்சலை வளைத்தும் தடுத்தும் தணிப்பவையே அந்த உட்குழாய்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் இருத்தல் வேண்டும் என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒலி விதிகளை மீறி வண்டி ஓட்டுவோர்க்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

முதலில் ஒரு தவறு செய்தோம். செலவைச் சுருக்க எண்ணி, இரும்புக் கம்பிப் பஞ்சைச் சைலன்சருக்குள் திணித்தோம். ஓசை சற்றே அடங்கிற்று; கூடவே வண்டியின் வலுவும் அடங்கிற்று. புகை வெளியேற வழியின்றி எஞ்சின் கொதித்தது. எண்ணெய் கலந்த புகையால் பஞ்சு சில நாளிலேயே கரியேறி அடைத்துக்கொண்டது. வாயைப் பொத்துவது வேறு, குரலைத் தணிப்பது வேறு என உணர்ந்தோம்.

பின்னர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் அலைந்து பழைய உட்குழாய் ஒன்றைப் பெற்றோம். அதிலிருந்த கரியை நீக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தோம். இதில் எச்சரிக்கை வேண்டும். நீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இடல் வேண்டுமேயன்றிச் சோடாவின்மீது நீரை ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. அலுமினியப் பாகம் எதனையும் அக்கரைசலில் இடலாகாது, அரித்துவிடும்.

சுத்தம் செய்த குழாயை ஒரு சைலன்சரில் பொருத்திக் கிளப்பினால், ஓசை பெரிதும் குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. ஒரே அளவில் முழங்கும் இரண்டு வாய்களுள் ஒன்றை அறவே அடக்கினாலும் ஒலி மூன்று டெசிபெல்தான் குறையும். செவிக்கு ஓசை பாதியாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து டெசிபெல் குறைதல் வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் சீர்செய்து பயனில்லை. லேத் பட்டறை ஒன்றில், முதற் குழாயை அளவாகக் காட்டி இரண்டாவதைச் செய்வித்தோம்.

மேலும் சில சிறு வேலைகள் இருந்தன. புகைக்குழாய் சிலிண்டருடன் சேருமிடத்து வாஷர் தேய்ந்து, அவ்வழியே புகை சீறிக்கொண்டிருந்தது; மாற்றினோம். கார்புரேட்டருக்குக் காற்று வடிகட்டி இல்லாமையால் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இரைச்சலும் சேர்ந்திருந்தது, வடிகட்டி பொருத்தினோம். தளர்ந்த சங்கிலியை இறுக்கினோம். பெட்ரோலில் அளவுக்கு மீறி எண்ணெய் கலக்கும் வழக்கத்தையும் விட்டோம். மிகை எண்ணெய்தான் கரியாய்ப் படிந்து சைலன்சரை அடைக்கிறது.

மறுமுறை சோதனைக்குச் சென்றபோது அதே அதிகாரி செவி சாய்த்துக் கேட்டார். ஒலிமானியைப் புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில் சாய்வாகப் பிடித்து அளந்தார். தலையசைத்துக் கையொப்பமிட்டார்.

அன்று மாலை வீடு திரும்பினோம். எதிர்வீட்டு அஜ்ஜி, எண்பதைத் தாண்டியவர், வாயிற்படியில் அமர்ந்திருந்தார். வண்டியை நிறுத்தியதும், "உன் அப்பா இரவு ஷிப்டு முடிந்து வருவாரே, அந்தச் சத்தமல்லவா இது!" என்று கன்னடத்தில் கூறினார். தெருவில் குழந்தைகள் உறங்கும் நேரமென்று, தந்தையார் முனையிலேயே ஆக்ஸிலேட்டரைக் குறைத்து மெல்ல வருவாராம். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலி 45 டெசிபெலைத் தாண்டலாகாது என 2000-ஆம் ஆண்டில் விதி பிறந்தது. அவ்விதி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே, அயல்மொழி பேசும் தெருவில் குடியேறிய ஒரு தமிழர் அதனைத் தாமே கடைப்பிடித்திருக்கிறார்.

ஜாவாவின் குரலென்று நாம் இத்தனை ஆண்டுகளாகப் பெருமை பேசியது அதன் குரலன்று. நம் செருக்கின் குரல். அதன் சொந்தக் குரல் மென்மையானது. அன்பர்கள் தம் இல்லத்துப் பழைய வண்டியின் சைலன்சர் வாயை ஒருமுறை குனிந்து பார்ப்பார்களாக.