மின்சாரக் கார் மின்னேற்று வடங்களை வீட்டில் பேணுதல்

மின்னேற்று வடம் என்பது வீட்டு மின் இணைப்பிலிருந்து மின்சாரக் காரின் மின்கலத்துக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்லும் தடித்த கேபிள் ஆகும். இது பேச்சுவழக்கில் சார்ஜிங் கேபிள் எனவும், காரில் செருகப்படும் அதன் முனை சார்ஜிங் கன் எனவும் அழைக்கப்படுகிறது. வீட்டில் உள்ள மற்ற மின்கருவிகளின் ஒயர்களிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது. இஸ்திரிப்பெட்டி சில நிமிடங்களே அதிக மின்சாரம் எடுக்கும். 30 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள கார் மின்கலமோ, 3.3 கிலோவாட் திறனில் முழுதாக நிறைய ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்நேரம் முழுதும் வடத்தில் ஏறத்தாழ முழு மின்னோட்டம் பாய்கிறது. பெரும்பாலும் வீட்டார் உறங்கும் இரவு நேரத்தில் பாய்கிறது. எனவே வடத்தைச் சுருட்டுவதும் மாட்டுவதும் தீ, மின்னதிர்ச்சி ஆகியவற்றைத் தவிர்ப்பதோடு நேரடித் தொடர்புடையவை.

வடத்தின் வகைகள்

வீட்டு மின்னேற்றத்தில் இரு வகை வடங்கள் வழக்கத்தில் உள்ளன.

1. கையடக்க வடம்: ஒரு முனையில் மூன்று பின் கொண்ட ப்ளக், நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டி, மறுமுனையில் கன் என அமைந்தது. பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 61851 இதை இரண்டாம் முறை மின்னேற்றம் என வகைப்படுத்துகிறது. இந்தியாவில் இது பெரும்பாலும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகப்படுகிறது.

2. சுவர்ப்பெட்டி வடம்: சுவரில் நிலையாகப் பொருத்தப்பட்ட மின்னேற்றியிலிருந்து வருவது. இது மூன்றாம் முறை எனப்படும். ஒருமுனை இணைப்பில் 32 ஆம்பியர் வரை, அதாவது 230 வோல்ட்டில் சுமார் 7.4 கிலோவாட் வரை தரும்.

இந்தியாவில் விற்கப்படும் மின்சாரக் கார்களில் டைப் 2 எனப்படும் ஏழு தொடுமுனைகள் கொண்ட இணைப்பு பரவலாக உள்ளது. இவற்றுள் இரண்டு, காரும் மின்னேற்றியும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கான சமிக்ஞை முனைகள். கார் ஆயத்தநிலையைத் தெரிவித்த பின்னரே மின்னேற்றி மின்சாரத்தைத் திறந்துவிடும். ஆகவே சீராக இயங்கும் வடத்தில், காரில் செருகப்படாத கன்னில் மின்சாரம் இராது. ஆனால் கையடக்க வடத்தில் ப்ளக் முதல் கட்டுப்பாட்டுப் பெட்டி வரையுள்ள பகுதியில், சாக்கெட் இயக்கத்தில் உள்ளவரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பயன்படுத்தாதபோது சுவிட்சை அணைத்து ப்ளக்கைக் கழற்ற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

சுருளும் வெப்பமும்

செம்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள 5 மீட்டர் வடத்தில் மின்சாரம் போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டும் சேர்ந்து 10 மீட்டர் ஆகும். இதன் தடை சுமார் 0.07 ஓம். 16 ஆம்பியர் பாயும்போது இதில் ஏறத்தாழ 18 வாட் வெப்பம் உண்டாகும். வடம் தரையில் நீளமாகக் கிடந்தால் இந்த வெப்பம் 5 மீட்டர் நீளத்துக்கும் பரவிக் காற்றில் கலந்துவிடும். அதே வடம் இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருந்தால், உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். பல மணி நேரம் இது தொடர்ந்தால் காப்புறை மென்மையாகிச் சிதையும். சாதாரண பி.வி.சி. காப்புறை 70 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்துக்கே தரப்படுத்தப்பட்டுள்ளது.

சுருள் மின்காந்தமாக மாறுவதால்தான் சூடாகிறது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. வடத்துக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் எதிரெதிர்த் திசையில் பாய்வதால் அவற்றின் காந்தப்புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. சூட்டுக்குக் காரணம் கம்பியின் தடையும், வெப்பம் வெளியேற முடியாமையுமே.

ஆகவே மின்னேற்றத்தின்போது வடம் முழுவதையும் பிரித்துப்போட வேண்டும். இடம் போதாத வீடுகளில் எஞ்சிய நீளத்தை ஒன்றன்மேல் ஒன்று படாத அகன்ற வளைவுகளாகத் தரையில் பரப்பலாம். பல கையடக்க மின்னேற்றிகளிலும் கார்களிலும் மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி உண்டு. 16 ஆம்பியரிலிருந்து 10 ஆம்பியராகக் குறைத்தால், வடத்தில் எந்நொடியிலும் உண்டாகும் வெப்பம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது.

சாக்கெட்டும் தொங்கும் எடையும்

வடத்தைவிட அதன் இணைப்பிடமே விரைவில் பழுதாகிறது. சாக்கெட்டின் பிடி தளர்ந்து தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை மட்டும் உண்டானாலும், 16 ஆம்பியரில் 25 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் அந்த ஒரே புள்ளியில் வெளிப்படும். இது முழு வடத்தில் உண்டாகும் வெப்பத்தைவிட அதிகம். சாக்கெட் பழுப்பேறுவதும் உருகுவதும் இதனாலேயே.

கட்டுப்பாட்டுப் பெட்டி ப்ளக்கிலிருந்து அந்தரத்தில் தொங்கும்போது, அதன் எடை ப்ளக்கைக் கீழ்நோக்கி இழுத்து நாளடைவில் இந்தத் தளர்ச்சியை உண்டாக்குகிறது. சாக்கெட்டுக்கு அருகில் ஒரு கொக்கியோ சிறு பலகையோ அமைத்துப் பெட்டியின் எடையை அதில் தாங்கச் செய்வது எளிய தீர்வு.

சுருட்டும் முறை

முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே துணிக்கயிறு போலச் சுருட்டுவது மின்னேற்று வடத்துக்கு ஏற்றதன்று. ஒவ்வொரு சுற்றிலும் வடம் ஒரே திசையில் முறுக்கேறி, உள்ளிருக்கும் மெல்லிய சமிக்ஞைக் கம்பிகள் அறுந்துபோகக்கூடும். அவை அறுந்தால் வடம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மின்னேற்றம் தொடங்காது.

நெகிழ்வான வடங்களை அவற்றின் விட்டத்தைப்போல ஆறு மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைப்பது பாதுகாப்பான அளவு. 17 மில்லிமீட்டர் தடிமனுள்ள வடத்துக்கு இது சுமார் 10 சென்டிமீட்டர். நடைமுறையில் 40 முதல் 50 சென்டிமீட்டர் அகலமுள்ள வளையங்கள் வசதியானவை.

ஒலிபரப்பு, திரைப்படப் பணியாளர்கள் கையாளும் முறை இதற்கும் பொருந்தும். முதல் வளையம் இயல்பாக இடப்படும். அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி எதிர்த்திசையில் இடப்படும். இவ்வாறு மாறிமாறிச் செய்யப்படும். ஒரு வளையத்தின் முறுக்கை அடுத்தது நீக்கிவிடுவதால் வடம் பிரிக்கும்போது சிக்காது. கையில் பிடிக்க முடியாத அளவு தடித்த வடங்களைத் தரையில் எட்டு வடிவில் அடுக்கினால் இதே பயன் கிடைக்கும். பிறகு ஒட்டுப்பட்டை கொண்ட துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டலாம். கட்டுக்கம்பி, சணல் போன்றவை காப்புறையை அறுக்கும்.

வைக்கும் இடம்

சுவர்க் கொக்கி: வளையங்களை ஆணியில் மாட்டினால் முழு எடையும் ஒரு புள்ளியில் விழுந்து வடம் மடிகிறது. அகன்ற, வளைந்த தாங்கியே உகந்தது. கன்னைத் தனி உறையில் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு செருகினால் நீரும் தூசியும் உள்ளே தங்கா.

உயரம்: அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, கன் வைக்கும் இடம் உள்ளரங்கில் தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டரும், வெளியிடத்தில் 60 சென்டிமீட்டரும் உயரத்தில் இருக்க வேண்டும் எனப் பொதுவிதியாகக் கூறுகிறது. வெள்ளம் புகும் பகுதிகளில் இதைவிட உயரம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல வாகன நிறுத்தங்கள் நீரில் மூழ்கின. நிலத்தடி நிறுத்தம் உள்ள அடுக்குமாடிகளில் கையடக்க வடத்தை வீட்டுக்குள் எடுத்துச் செல்வது நல்லது.

வெயிலும் எலியும்: நேரடி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் காப்புறையை விறைக்கச் செய்து வெடிப்பை உண்டாக்கும். எலிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் அவை எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். தானிய மூட்டை, பழைய பொருட்கள் குவிந்த மூலைகளில் வடத்தைப் போடாமல், மூடியுள்ள பெட்டியிலோ உயரமான கொக்கியிலோ வைக்க வேண்டும்.

காருக்குள்: பயணத்துக்கு எடுத்துச் செல்லும் வடத்தைப் பையிலிட்டுப் பின்பெட்டியில் வைக்கலாம். கனமான பெட்டிகளை அதன்மேல் அடுக்கக் கூடாது. நனைந்த வடத்தை உலர்த்திய பின்னரே பையிலிட வேண்டும்.

தூய்மையும் சோதனையும்

வடத்தைத் துடைக்கும் முன் ப்ளக்கைக் கழற்ற வேண்டும். ஈரத்துணியும் மென்மையான சோப்பும் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவை ரப்பர் உறையைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை கீழ்க்கண்டவற்றைப் பார்ப்பது நல்லது.

- உறையில் வெட்டு, வீக்கம், பல்தடம் உள்ளதா
- ப்ளக் பின்களில் கருமை அல்லது உருகிய தடம் உள்ளதா
- கன்னின் தொடுமுனைகளில் பச்சை படிந்துள்ளதா
- அரை மணி நேர மின்னேற்றத்துக்குப் பின் ப்ளக்கின் வெளிப்புறம் தொட முடியாத அளவு சூடாகிறதா
- மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா

இவற்றில் குறை தெரிந்தால் மின்னேற்றத்தை நிறுத்தி, உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்ட வேண்டும். வெட்டுப்பட்ட வடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றித் தொடர்ந்து பயன்படுத்துவது ஆபத்தானது.

தவிர்க்க வேண்டியவை

நீட்டிப்பு வடம், பல சாக்கெட் கொண்ட ஜங்ஷன் பெட்டி ஆகியவற்றை மின்னேற்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஐ.இ.சி. 61851 தரமும் நீட்டிப்பு வடத்தை அனுமதிப்பதில்லை. நடைபாதையின் குறுக்கே வடத்தை விடுதல், அதன்மேல் வண்டியை ஏற்றுதல், கதவிடுக்கில் நசுக்குதல் ஆகியவற்றால் வெளியே தெரியாத உட்சேதம் உண்டாகும். கழற்றும்போது முதலில் காரில் மின்னேற்றத்தை நிறுத்தி, கன்னை எடுத்து, மூடியிட்டு, பிறகு சாக்கெட்டை அணைத்து ப்ளக்கை அதன் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும்; வடத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது.