மூக்கைக் கழுவும் முறையும் அதற்குரிய நீரும்

கோதுமை அறுவடை முடிந்து கதிரடிப்பு நடைபெறும் ஏப்ரல் மாதத்தில், பஞ்சாப், ஹரியானாப் பகுதிகளின் களங்களில் ஒரு வாரம் நின்று பணியாற்றும் ஊழியருக்கு வெயிலைவிடத் தூசியே பெருந்தொல்லையாகும். பருத்தி அரவை ஆலையின் பஞ்சுத் தூசி, நெல் ஆலையின் உமித் தூள், வகுப்பறையின் சுண்ணக்கட்டிப் பொடி, நவம்பரில் தில்லியைச் சூழும் புகைமூட்டம் ஆகிய யாவும் முதலில் தாக்குவது மூக்கையே. மூக்கடைப்பு, நெற்றியில் பாரம், கன்னத்தில் குத்து, குனிந்தால் வலி, தொண்டையின் பின்புறம் இறங்கும் சளி ஆகியவை நாளடைவில் ஒருங்கே வந்து சேர்கின்றன. நம் முன்னோர் பீனிசம் என்ற இதனை இன்று மக்கள் 'சைனஸ்' என்கின்றனர். "எனக்குச் சைனஸ் உண்டு" என்று வருத்தத்தோடு கூறுவோர் பலர். உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் உண்டு. அது நோயின் பெயரன்று, முகத்தெலும்புகளில் அமைந்த காற்றறைகளின் பெயராகும்.

இவ்வறைகள் நான்கு இணைகளாக உள்ளன. நெற்றியில் ஓரிணை, கன்னங்களில் ஓரிணை, கண்களுக்கு இடையே சிற்றறைகளின் தொகுதியாக ஓரிணை, மூக்கின் பின்கோடியில் ஆழத்தே ஓரிணை. இவற்றுள் பெரியது கன்னத்தறை. அது ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கொள்ளும். அதன் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. அவ்வறையின் வாயில் தரைமட்டத்தில் இல்லை. கூரைக்கு அருகில் உள்ளது. கரையின் உச்சியில் மதகு வைத்த ஏரியைக் கற்பனை செய்து பார்த்தால் இது விளங்கும். நிற்கும் நிலையில் அங்குச் சேரும் சளி தானாக வடிந்து வெளியேற இயலாது.

அதனை மேலேற்றி வெளியே தள்ளும் வேலையைச் செய்வன குற்றிழைகள். மூக்கையும் அதனைச் சூழ்ந்த அறைகளையும் போர்த்தியுள்ள சவ்வின்மீது, கண்ணுக்குப் புலப்படாத இவ்விழைகள் நெற்பயிர்போல் அடர்ந்து நிற்கின்றன. வினாடிக்கு 10 முதல் 15 முறை ஒரே திசையில் வீசி, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கி இவை நகர்த்துகின்றன. நலமுள்ளவர் மூக்கில் இப்படலம் சுமார் 20 நிமிடங்களுக்குள் தொண்டையை அடைந்துவிடும். நாள்தோறும் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றைச் சலித்தனுப்பும் ஓர் உறுப்புக்கு இத்தகைய துப்புரவு ஏற்பாடு இன்றியமையாததே. சளி கெட்டிப்பட்டாலோ, ஒவ்வாமையால் சவ்வு வீங்கி அறைகளின் வாயில் அடைபட்டாலோ, இந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது. அப்போது தேங்கிய சளியே துன்பத்திற்கு வித்தாகிறது.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது இவ்விடத்தில்தான் உதவுகிறது. ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்கு வழங்கும் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'மூக்குப் பாசனம்' என்று வரும். வேளாண்மை ஊழியர்கள் நகைப்பார்கள் என்றஞ்சி 'கழுவல்' என்றே இங்குக் குறிக்கிறோம். கழுவும் நீர் கன்னத்தறைக்குள்ளும் நெற்றியறைக்குள்ளும் பாய்ந்து அவற்றைத் துலக்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாதவர்களுக்கு அவ்வறைகளுக்குள் செல்லும் நீர் மிகச் சிறிதே. மூக்கின் பாதையில் படிந்த தூசியையும் மகரந்தத்தையும் நீர் அகற்றுகிறது. கெட்டியான சளியை இளக்குகிறது. வாயில் திறந்தபின் அறைகளைத் துப்புரவு செய்வது குற்றிழைகளின் பணியாகும்.

பயன் எவ்வளவு என்பதும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், நாட்பட்ட சைனஸ் தொல்லையுடைய 76 பேரிடம் ஆறு மாதம் நடத்திய சோதனையின் முடிவை 2002-இல் வெளியிட்டனர். நாள்தோறும் சற்றுச் செறிவு மிகுந்த உப்பு நீரால் கழுவியவர்களுக்குத் தொல்லை குறைந்ததோடு, மருந்தின் தேவையும் குறைந்தது. எடின்பரோவில் 66 பேரிடம் சாதாரண ஜலதோஷத்திற்கு நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், உப்பு நீரால் மூக்கைக் கழுவித் தொண்டையையும் கொப்புளித்தவர்களுக்கு நோய் ஏறத்தாழ இரண்டு நாள் முன்னதாகவே நீங்கியது. இவை சிறிய ஆய்வுகள். பெருமுழக்கத்திற்கு இடந்தருவன அல்ல. எனினும் செலவு சில காசுகளேயாகும் ஒரு முறைக்கு இந்த அளவு சான்று கிடைத்திருப்பது குறைவன்று.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஹடயோக நூல்கள் கூறும் ஆறு சுத்திக் கிரியைகளுள் நேதி ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையில் சொல்லப்படும் நேதி, நூலை மூக்கின் வழியே செலுத்தி வாய்வழியே வாங்குவதாகும். இன்று பரவலாக வழங்குவது நீரைக் கொண்டு செய்யும் ஜலநேதி. யோகப் பயிற்சிகளை விஞ்ஞான முறையில் சோதிப்பதற்கென்றே சுவாமி குவலயானந்தர் 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இனி உப்பின் அளவைக் கவனிப்போம். வெறும் நீர் மூக்கில் ஏறினால் சுரீரென்று எரிவது யாவரும் அறிந்ததே. சவ்வூடு பரவலே இதற்குக் காரணம். உலர்திராட்சை நீரில் ஊறிப் பருப்பதைப் போலவே, உப்பில்லாத நீர் மூக்கின் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றைப் பருக்கச் செய்கிறது. உடலின் நீர்மங்களுக்கு ஒத்த செறிவில், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு சேர்ந்தால், எரிச்சல் இராது. தூளுப்பு ஒரு தேக்கரண்டி தலைதட்டி எடுத்தால் ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். ஆகவே அரை லிட்டர் நீருக்கு முக்கால் தேக்கரண்டி போதும். பள்ளியில் தராசு உள்ள ஆசிரியர்கள் நான்கரைக் கிராம் வீதம் நிறுத்துப் பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம். நாக்கால் சுவைத்து அளவு பார்ப்பதைவிட இது நம்பகமானது. ஆனால் சமையலுக்குரிய உப்பையே நிறுக்க வேண்டும். ஆய்வுக்கூடப் புட்டியிலுள்ள உப்பைத் தொடலாகாது. சிலருக்கு அயோடின் சேர்த்த உப்பு சிறிது உறுத்தலாம். அவ்வாறாயின், உப்பு மூன்று பங்குக்குச் சமையல் சோடா ஒரு பங்கு கலந்துகொள்வது எரிச்சலைத் தணிக்கும். மருந்துக்கடைகளில் அளவிட்ட பொட்டலங்களும் கிடைக்கின்றன. கல்லுப்பில் மண் கலந்திருப்பின் அதனைத் தவிர்ப்பதே நலம்.

உப்பில் சிறு பிழை நேர்ந்தால் எரிச்சலோடு போகும். நீரில் நேரும் பிழை அத்தகையதன்று. குடிக்கத் தகுந்த நீரெல்லாம் மூக்கில் ஏற்றத் தகுந்ததன்று. இக்கட்டுரை எழுதப்படுவதன் முதன்மைக் காரணமே அதுதான்.

வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லீரியா ஃபவுலரி என்னும் அமீபா ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபவுலர், கார்ட்டர் என்னும் இரு மருத்துவர்கள் இத்தகைய அமீபாவால் நேர்ந்த மரணங்களை 1965-இல் விவரித்தனர். ஃபவுலரின் பெயரே இவ்வுயிருக்குச் சூட்டப்பட்டது. இந்த நீரைப் பருகினால் இந்நோய் வாராது. மூக்கின் உச்சியில் ஏறினாலோ, மணமறியும் நரம்பைப் பற்றிக்கொண்டு, சல்லடை போன்ற மெல்லிய எலும்பைக் கடந்து அமீபா மூளையை அடையக்கூடும். சில நாட்களில் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றுகின்றன. நோய் கண்டவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துள்ளனர். நம் நாட்டுக் குழந்தைகள் இருவருக்கு இந்நோய் கண்ட செய்தி மருத்துவ இதழில் 1971-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

இது மிக அரிய நோய் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 2011-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், நேதிப் பாத்திரத்தில் குழாய் நீரை அப்படியே ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் தனித்தனியே இந்நோயால் இறந்தனர். நகராட்சி சுத்திகரித்து அனுப்பிய நீரில் குறை காணப்படவில்லை. அவர்தம் வீட்டுக் குழாய்களிலேயே அமீபா காணப்பட்டது. கராச்சியில், நீச்சலுக்கே செல்லாத பலர் இந்நோய்க்கு இரையானதை ஆராய்ந்தோர், தொழுகைக்கு முன் உளூச் செய்கையில் மூக்கில் ஏற்றும் குழாய் நீரை ஐயுற்றனர். கேரளத்தில் 2024-ஆம் ஆண்டின் கோடையிலும் மழைக்காலத் தொடக்கத்திலும் குழந்தைகள் சிலர் அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சலுக்குப் பலியாயினர். அவ்வாண்டு ஜூலையில் கோழிக்கோடு மாவட்டச் சிறுவன் ஒருவன், நோய் விரைவில் கண்டறியப்பட்டதால் பிழைத்தான். 2025-இல் மீண்டும் பலருக்கு நோய் கண்டபோது கிணறுகளில் குளோரின் இடும் பணி அங்கு மேற்கொள்ளப்பட்டது. இவை மூக்குக் கழுவலால் வந்தவை என்று நாம் கூறவில்லை. இத்தகைய உயிர்கள் நம் நாட்டு நீரிலும் உள்ளன என்பதற்கு இவை சான்றாகும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியில் கைபொறாத அளவு நீர் சூடேறுவதையும், குழாயின் கடைக்கோடியில் குளோரின் குன்றிவிடுவதையும் அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இதற்குரிய பாதுகாப்பு அடுப்பங்கரையிலேயே உள்ளது. நீரைத் தளதளவென்று கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அதன்பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடும். ஆதலால் சிம்லா, உதகமண்டலம், லே போன்ற இடங்களில் பணிபுரிவோர் மூன்று நிமிடம் கொதிக்கவிடுதல் வேண்டும். மூடியபடியே ஆறவிட்டு, இளஞ்சூடான பின் உபயோகிக்கலாம். மூடிய தூய பாத்திரத்தில் வைத்திருந்தால் 24 மணி நேரத்திற்குள் செலவிட்டுவிட வேண்டும். வாலைவடித்த நீரும் ஏற்றதே. புட்டியில் விற்கும் குடிநீரும், வீட்டு வடிகட்டியின் சேமிப்புத் தொட்டியில் நின்ற நீரும் குடிப்பதற்குரியவை. மூக்கிற்கு அவற்றையும் கொதிக்க வைப்பதே பத்திரம்.

செய்யும் முறை எளிது. சிறு மூக்குடைய கெண்டியோ, அழுத்தினால் நீர் பீச்சும் பிளாஸ்டிக் புட்டியோ போதுமானது. கைகளைச் சோப்பால் கழுவியபின், தொட்டியின்மேல் முன்குனிந்து தலையை ஒருபுறம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடவேண்டும். மேலே உள்ள நாசித்துளையில் கெண்டியின் மூக்கைப் பொருத்தி மெல்லச் சாய்த்தால், நீர் மறுதுளையின் வழியே தானே வடியும். ஒரு பக்கத்திற்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் போதும், பின்னர் மறுபக்கம். பேசுவதும் சிரிப்பதும் கூடாது, நீர் புரையேறும். முடிந்தபின் இரு துளைகளையும் திறந்து வைத்தே மெதுவாகச் சிந்தவேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதுக்குச் செல்லும் வழியில் புகும். அரைமணி கழித்துக் குனிகையில் மிஞ்சிய நீர் சொட்டுவதுண்டு. அது கண்டு அஞ்ச வேண்டாம், ஆனால் படுக்கப் போகுமுன் கழுவுவதைத் தவிர்க்கலாம். மருத்துவர் தந்த மூக்குத் தூவல் மருந்து இருப்பின், அதனைக் கழுவியபின் இடவேண்டும். முன்னே இட்டால் மருந்தும் நீரோடு போய்விடும்.

பள்ளிகளில் நடைபெறும் யோகப் பயிற்சிகள் குறித்து ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வரிசையாக மாணவர்களை நிறுத்தி, ஒரே கெண்டியைக் கைமாற்றி, கைபம்பு நீரிலோ ஆற்றங்கரையிலோ நேதி பழக்குவது எங்கேனும் வழக்கத்தில் இருப்பின் அதனை நிறுத்திவிட வேண்டும். ஆளுக்கொரு பாத்திரமும் கொதித்தாறிய நீரும் இல்லாத இடத்தில் அன்றைய பாடத்தில் நேதியை விட்டுவிடுவதால் இழப்பொன்றுமில்லை. தானே ஒத்துழைக்க இயலாத சிறு குழந்தைக்கு வலிந்து செய்யவும் கூடாது.

எல்லா மூக்குத் தொல்லையும் கழுவலால் தீர்வதன்று. காதில் சீழோ வலியோ உள்ளவர்களும், மூக்கில் இரத்தம் வடிபவர்களும், அண்மையில் மூக்கில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும், நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. ஒரு பக்கத்தில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வருமாயின், மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் சொத்தை கன்னத்தறையைப் பற்றியிருக்கக்கூடும். அப்போது செல்ல வேண்டியது பல் மருத்துவரிடம். நீரிழிவு உடையவர்களுக்கு முகத்தில் ஒருபுறம் வீக்கமும் மரப்பும், மூக்கில் கரிய பொருக்கும் தோன்றினால், 2021-இல் கோவிட் நோய்க்குப்பின் நாட்டில் பலரைப் பலிகொண்ட கரும்பூஞ்சை நோயாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், கடுங்காய்ச்சல், கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளத்தில் குளித்ததோ, மூக்கில் நீர் ஏற்றியதோ உண்டானால் அதனை மருத்துவர் கேளாமலேயே சொல்லிவிட வேண்டும். இந்நோயை நினைத்துச் சோதிக்க அச்செய்தியே வழிகாட்டும்.

கெண்டியை ஒவ்வொரு முறையும் கொதித்த நீரால் அலசி, கவிழ்த்து உலர்த்த வேண்டும். ஒருவர் கெண்டியை மற்றவர் உபயோகிக்கக் கூடாது. ஒரே வீட்டாராயினும் அவரவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம்.