மடிப்பைக்கு மாற்று

ஆஸ்திரேலிய நெடுஞ்சாலைகளில் விடியலிலும் அந்தி சாய்ந்த பிறகும் கங்காருக்கள் வண்டிகளில் அடிபடுவது அன்றாடம் நடப்பது. செத்துக் கிடப்பது பெட்டை என்றால், விவரம் தெரிந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டி அதன் வயிற்றுப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். தாய் இறந்து நெடுநேரம் ஆனபின்னும் உள்ளே குட்டி உயிரோடு இருக்கலாம். பார்த்து முடித்த உடலின்மேல் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வருபவர் வீணாக நிறுத்த வேண்டியதில்லை.

குட்டியைப் பார்த்த பதற்றத்தில் பிடித்து இழுத்துவிடக் கூடாது. பிறக்கும்போது அதன் எடை ஏறக்குறைய ஒரு கிராம்தான். கண் திறக்காத அந்த உயிர் தானே ஊர்ந்து பைக்குள் போய்க் காம்பைக் கவ்வும். காம்பு வாய்க்குள்ளேயே வீங்கிக்கொள்ளும். பல வாரங்களுக்குப் பிடி விடாது. இழுத்தால் குட்டியின் வாய் சேதமாகும். ஆகவே, காம்பைத் தாயின் உடலோடு ஒட்டி வெட்டி, குட்டியோடு சேர்த்தே எடுக்கிறார்கள். வெட்டிய முனையைக் குட்டி விழுங்கிவிடாதபடி துணிப்பையில் ஊக்கு குத்தி வைக்கிறார்கள். மயிர் முளைக்காத குட்டிக்கு அந்தப் பையில் சுமார் 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். முளைத்ததற்கு 28 போதும்.

பால்தான் பெரிய சிக்கல். இரக்கப்பட்டுப் பசும்பால் புகட்டினால் அதுவே எமனாகிவிடும். லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும், கண்ணில் புரை விழும். கங்காருவின் பால் குட்டி வளர வளர மாறிக்கொண்டே இருக்கும்: தொடக்கத்தில் நீர்த்தது, பின்னாளில் கொழுப்பு மிகுந்தது. வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டிக்கு ஒரு காம்பிலும், பைக்குள் இருக்கும் இளையதற்கு இன்னொரு காம்பிலுமாக, தாய் ஒரே நேரத்தில் இரண்டு வகைப் பால் சுரக்கும்! எனக்குத் தெரிந்து பாலூட்டிகளின் உலகில் இதைவிடப் பெரிய அதிசயம் இல்லை. அதனால் பராமரிப்பாளர்கள் குட்டியின் பருவத்துக்கு ஏற்ற பால்மாவைத் தேர்ந்து கரைக்கிறார்கள். குடித்து முடித்ததும் ஈரத்துணியால் அடிப்பகுதியைத் துடைத்துவிட வேண்டும்; தாய் நக்கிவிட்டால்தான் இளங்குட்டிக்குச் சிறுநீரே பிரியும்.

அச்சமும் கொல்லும். மிரண்ட கங்காருவின் தசைகள் சிதைந்து, சில நாட்களில் அது இறந்துபோவதும் உண்டு. எனவே இருட்டும் அமைதியும் மருந்துக்குச் சமம். பிள்ளைகள் ஆசையாகத் தூக்கிக் கொஞ்சக் கூடாது.

நியூ சவுத் வேல்ஸில் ‘வயர்ஸ்’ போன்ற அமைப்புகளில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், அரசு அனுமதியுடன் இந்த வேலையைச் செய்கிறார்கள். எந்தக் குட்டியையும் தனியாக வளர்ப்பதில்லை. ஒத்த வயதுக் குட்டிகளோடு சேர்த்து வளர்த்து, பால் மறந்த பிறகு கூட்டமாகவே விடுவிக்கிறார்கள். நாயோடு பழகி, அதைக் கண்டு ஓடத் தெரியாத குட்டி வெளியே பிழைக்காது. அதனால் பராமரிக்கும் வீட்டில் நாய் அதன் பக்கமே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.